கடலோரக் கட்டடங்களுக்குச் சங்கம் தர வரையறை வகுக்கலாமா? (உறுப்பினர் விவாத இழை)

உச்சிப்புளி ஒப்பந்ததாரர் (இழையைத் தொடங்கியவர்)

அடுத்த பொதுக்குழுவில் வைப்பதற்காக ஒரு தீர்மான வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன். உறுப்பினர்களின் கருத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது என்பதால் அதன் சாரத்தை இங்கே வைக்கிறேன்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் வட்டாரச் சங்கத்தில் உள்ள ஒப்பந்ததாரர்களில் பெரும்பாலோர் எடுப்பது தனியார் வீடுகளும் உள்ளாட்சிகளின் சிறு பணிகளும்தான். சங்கம் நமக்கு டெண்டர் அறிவிப்புகளைத் தெரிவிக்கிறது. பதிவைப் புதுப்பிக்க உதவுகிறது. பில் நிலுவைக்காக மனுக் கொடுக்கிறது. ஜல்லியும் எம் சாண்டும் விலை ஏறும்போது கண்டன அறிக்கை விடுகிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அரசுப் பணி எடுப்பவர், தனியார் பணி எடுப்பவர் என்ற வேறுபாடு இல்லாமல் நம் எல்லோருடைய பெயரையும் கெடுக்கிற ஒன்றைப் பற்றி, அதாவது உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி, சங்கத்தின் ஏடுகளில் ஒரு வரி கூட இல்லை.

மண்டபம், பாம்பன் பக்கம் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். வீட்டின் உட்புறம் குறையில்லாமல் இருக்கும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் மட்டும், கம்பி ஓடும் வாக்கிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நீண்டிருக்கும். ஓரிரு மழைக்காலம் கழிந்ததும் அந்தக் கோடு வெடிப்பாகும். அதன் பிறகு கான்கிரீட் பாளம் பாளமாக உதிரும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுவதால், உள்ளிருந்து தள்ளும் அந்த விசையைக் கம்பியின் மேல் இருக்கும் மெல்லிய கான்கிரீட்டால் தாங்க முடிவதில்லை. மேலே பூசி வெள்ளையடித்தால் கோடு மறையும், துரு நிற்காது.

எனவே நான் கேட்பது இதுதான். கடலோரப் பணிகளுக்கான விலைப்புள்ளியில் கான்கிரீட்டின் தரம், கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), சிமெண்ட் அளவு, தண்ணீர்ச் சோதனை ஆகியவற்றை எழுதித் தருவதற்குச் சங்கம் ஒரு பொதுப் படிவம் வகுக்க வேண்டும். கியூப் (வலிமை பார்ப்பதற்காக வார்க்கும் கான்கிரீட் கட்டி), தண்ணீர், மணல் ஆகியவற்றைச் சோதிப்பதற்கான ஒரு சிறு கூடத்தைச் சங்கக் கட்டடத்தின் பின்பக்க அறையில் அமைக்க வேண்டும். கருத்துகளை எழுதுங்கள்.

கீழக்கரைக் கட்டுமானர்

கருத்து நல்லதுதான், நடைமுறையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிற முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் சதுர அடிக்கு என்ன ரேட் என்பதுதான். நான் 45 மில்லிமீட்டர் கவரும் எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும் போட்டுக் கணக்கிட்டு ஒரு தொகை சொன்னால், அடுத்தவர் எதையும் எழுதாமல் அதற்குக் கீழே ஒரு தொகை சொல்லிப் பணியை எடுத்துக்கொள்கிறார். அந்த அடுத்தவரும் நம் சங்க உறுப்பினராகவே இருக்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை.

சிமெண்ட் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததும், அதைக் கழித்துக்கொடுங்கள் என்று எல்லா உரிமையாளர்களும் கேட்டார்கள். கூரைக்கு எத்தனை மூட்டை போடுகிறீர்கள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், இராமநாதபுரம்

படிவம் வகுப்பதற்குச் சங்கம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000 சூழலை ஐந்து நிலையாகப் பிரித்துள்ளது. கடலோரக் காற்றுக்கு வெளிப்படும் கான்கிரீட் கடுமையான நிலையில் வருகிறது. அதற்குக் குறைந்தது எம் 30 தரமும், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டும், 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. கடல் நீர்த் திவலை நேரடியாகப் படும் இடம் அதற்கும் மேலான நிலை. அங்கே எம் 35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர். அலை ஏறி இறங்கும் பகுதியில் எம் 40, 360 கிலோ, 75 மில்லிமீட்டர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சாதாரணச் சூழலுக்கே 300 கிலோ சிமெண்ட் கேட்கிறார்கள், கடலோரத்துக்கு 320. குறைந்தபட்ச அளவில் வேறுபாடு கன மீட்டருக்கு 20 கிலோ, அதாவது அரை மூட்டைக்கும் குறைவு. எம் 30 வலிமையை உறுதியாக எட்ட நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே போட வேண்டியிருக்கும் என்றாலும், தடையாக நிற்பது சிமெண்டின் விலையை விடத் தண்ணீரின் அளவுதான். 50 கிலோ மூட்டைக்கு 0.45 என்றால் இருபத்திரண்டரை லிட்டர்; ஏறக்குறைய ஒன்றரைக் குடம். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதற்குள் அடங்கும். மிக்சர் அருகே நின்று பார்த்தவர்களுக்கு எத்தனை குடம் போகிறது என்பது தெரியும்.

கவரின் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் கவரை 45 ஆக்கும்போது, கம்பியின் பயனுறு ஆழம் (கூரையின் மேற்பரப்பிலிருந்து கம்பி வரை உள்ள ஆழம்) குறையாதிருக்கக் கூரையின் கனத்தை 25 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். அது சுமார் 2.3 கன மீட்டர் கான்கிரீட். 320 கிலோ கணக்கில் 15 மூட்டை சிமெண்ட். எடை கூடுவதால் பீமிலும் கம்பியிலும் சிறிது ஏறும். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் போட்டி சதுர அடிக்குச் சில ரூபாய்களில் நடக்கும்போது அந்தச் சிறு தொகையே பணியை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

எல்லா உறுப்புக்கும் 45 வேண்டுமா என்று கேட்பீர்கள். உப்புக் காற்றுப் படாமல் மறைவாக இருக்கும் கான்கிரீட்டை அதே விதி மிதமான நிலையில் வைத்து 30 மில்லிமீட்டரை ஏற்கிறது. அறைக்குள் பார்க்கும் கூரையின் அடிப்பக்கத்தை அப்படி எடுத்துக்கொள்ள இடமுண்டு. சன்ஷேடு, பால்கனி, வெளித் தூண், மொட்டை மாடித் தொட்டி ஆகியவற்றுக்கு அந்தச் சலுகையைத் தேடக் கூடாது. இந்தப் பிரிவினையைப் படிவத்தில் உறுப்பு வாரியாக எழுதிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

தொண்டி ஒப்பந்ததாரர்

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் நான் சந்தா கட்டுவது கான்கிரீட் பாடம் கேட்பதற்காக அல்ல. பணியை முடித்து, அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பில் போட்ட பிறகு நிதி வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவனிடம் 45 மில்லிமீட்டர் பற்றிப் பேசுவது எந்த விதத்தில் நியாயம்? அரசுப் பணி ஒப்பந்தத்துக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனபோது, பழைய கணக்கில் டெண்டர் போட்டவர்கள் வித்தியாசத் தொகைக்காக அலைந்தார்கள். அப்போது சங்கம் ஒரு மனுவோடு நின்றுவிட்டது. கடன் வாங்கிப் பணியை ஓட்டுகிறவன் எங்கே குறைப்பான்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பான். தரம் கெடுவதற்கு முதற்காரணம் பில் நிலுவை. சங்கத்தின் முதல் வேலை அது.

திருப்புல்லாணிக் கட்டடப் பொறியாளர்

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஆனால் சோதனைக்கூடத்தை வேறு காரணத்துக்காகவும் வலியுறுத்துவேன். நம் பகுதியில் தண்ணீரே முதல் ஆபத்து.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உவராக இருப்பதால் டேங்கரில் வாங்குகிறோம். அந்த டேங்கர் எங்கே நிரப்பியது என்பதை ஓட்டுநரின் வாய்மொழியால்தான் அறிகிறோம். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் குடிநீருக்கான ஐ.எஸ். 10500, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. எனவே மேஸ்திரி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்வது, நம் ஊர் போன்ற உவர் நீர்ப் பகுதியில் போதிய சான்று ஆகாது. கடல் நீரில் குளோரைடு 19,000 அளவில் இருக்கிறது. நல்ல தண்ணீரில் மிகச் சிறிய பங்கு அது கலந்தாலே வரம்பு தாண்டிவிடும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தண்ணீர் மாதிரியில் சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். அதில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், குளோரைடு தீர்ந்த கணத்தில் செங்கல் நிறம் நிலைத்து நிற்கும். அதுவரை செலவான கரைசலின் அளவிலிருந்து குளோரைடைக் கணக்கிட்டுவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் செய்கிற சோதனை இது. பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் டேங்கர் தளத்தில் நிற்கும்போதே முடிவு சொல்லிவிடலாம்.

மணலுக்கும் இதே கதிதான். கடற்கரை மணல் மேடுகளில் மணல் அள்ளுவதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடை செய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்த மணல் கம்பிக்கு நஞ்சு. பூச்சுக்குத்தானே என்று இறக்குகிற மணல் சன்ஷேடு கான்கிரீட்டுக்குள் போவதை யார் தடுப்பது?

கமுதி சாலை ஒப்பந்ததாரர்

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். கடலோர வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சங்கம் ஒரு குறைந்தபட்ச ரேட்டை நிர்ணயித்துவிடட்டும். அதற்குக் கீழே எடுக்கிற உறுப்பினரை நீக்கிவிடலாம். டெண்டரிலும் அதேபோல் பேசி, ஆளுக்கு ஒரு பணி என்று பிரித்துக்கொண்டால் யாரும் நட்டப்பட மாட்டார்கள். தரமும் தானாக வரும்.

சங்கத் தணிக்கையாளர்

மேலே உள்ள பதிவை அவர் நல்லெண்ணத்தில் எழுதியிருக்கலாம். எனினும் சங்கத்தின் பெயரில் அப்படியொரு தீர்மானம் வரக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதையும், டெண்டர்களைப் பேசிப் பிரித்துக்கொள்வதையும் தடை செய்கிறது. அந்த ஏற்பாடு வணிகச் சங்கத்தின் முடிவாக வந்தாலும் விலக்கு இல்லை. நம் வழக்கில் சிண்டிகேட் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது சட்டத்தின் கண்ணில் தண்டனைக்குரியது.

இதில் நம் தொழிலுக்கே நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது. 1941இல் தொடங்கப்பட்ட இந்தியக் கட்டுநர் சங்கம், சிமெண்ட் நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றுவதாகப் போட்டி ஆணையத்திடம் தகவல் அளித்தது. ஆணையம் 2012 ஜூனில் சிமெண்ட் நிறுவனங்களுக்கும் அவற்றின் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு திரும்பி வந்தபோது, 2016இல் மறுபடியும் அபராதம் விதித்தது. பிறகும் வழக்கு மேலே போயிற்று. நாம் பார்க்க வேண்டியது, அபராதம் நிறுவனங்களோடு நிற்காமல் அவர்களுடைய சங்கத்தின் மீதும் பாய்ந்தது என்பதை. ஒப்பந்ததாரர் சங்கம் வழக்குத் தொடுக்கும் இடத்திலும் இருக்க முடியும், குற்றவாளிக் கூண்டிலும் நிற்க முடியும்.

அதே சமயம், உச்சிப்புளி நண்பரின் படிவத்துக்கு இந்தத் தடை பொருந்தாது என்பது என் கருத்து. தொகையை அவரவர் விருப்பப்படி எழுதலாம். எந்தப் பொருளுக்கு அந்தத் தொகை என்பதை மட்டும் எழுதியே ஆக வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்வது விலை நிர்ணயம் ஆகாது. படிவம் பின்பற்றும் ஐ.எஸ். 456 விதியே நடைமுறையில் உள்ள தேசியத் தரம்தான்.

தொண்டி நண்பருக்கு ஒரு தகவல். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், ஒன்றிய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. ஆனால் பணி ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆகையால் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சங்கம் ஒரு வழக்கறிஞரை மாதச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டால், மனுக் கொடுப்பதைவிடப் பலன் இருக்கும்.

ஏர்வாடி வீட்டு உரிமையாளர்

நான் ஒப்பந்ததாரர் அல்லன். துபாயில் வேலை பார்க்கிறேன். ஊரில் வீடு கட்டத் தொடங்கவிருக்கிறேன். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) எங்களைக் குறை சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு வந்த விலைப்புள்ளிகளில் முதல் ரகக் கம்பி, தரமான சிமெண்ட் என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. எதை வைத்து ஒப்பிடுவது? ரேட்டைத் தவிர ஒப்பிட ஒன்றும் கொடுக்காதபோது ரேட்டைத்தான் கேட்போம். நீங்கள் பேசுகிற படிவம் கையொப்பத்தோடு வந்து, கூரை போட்ட 28ஆம் நாள் கியூப் சோதனை முடிவும் கைக்கு வருமானால், கூடுதல் தொகை கொடுக்க நான் தயங்க மாட்டேன்.

ஒரு கேள்வி. எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பியைப் போட்டுவிட்டால் இந்தக் கவர் கணக்கெல்லாம் தேவைப்படாது என்று ஒருவர் சொன்னார். சரியா?

திருப்புல்லாணிக் கட்டடப் பொறியாளர்

சரியல்ல. எபாக்சி பூச்சுக்கு ஐ.எஸ். 13620 என்ற தனித் தரமே உண்டு, நல்ல முறைதான். ஆனால் இறக்கும்போதும் வளைக்கும்போதும் பூச்சு உரிந்தால், உரிந்த இடத்தில் துரு குவிந்து தாக்கும். உரிந்த இடங்களைத் தொட்டுப் பூசுகிற பொறுமை நம் தளங்களில் அரிது. கம்பியைத் தூய்மை செய்து, அரிப்புத் தடுக்கும் மருந்து கலந்த சிமெண்ட் குழம்பைப் பூசுகிற முறை ஒன்றும் உண்டு. அது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனம் அரிப்பு ஆய்வுக்காக மண்டபத்திலேயே ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது என்பதை நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பயிற்சி வகுப்புக்கு வெளியூரிலிருந்து ஆளைத் தேடுகிறோம்.

எந்தப் பூச்சானாலும் கவருக்கு மேற்பட்ட பாதுகாப்புத்தான். கவருக்கு மாற்று இல்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தினார்கள். அந்தச் செலவு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நமக்குக் கட்டுப்படியாவது கெட்டியான கான்கிரீட்டும், போதிய கவரும், கான்கிரீட்டை முறையாக நனைத்து ஆற்றுவதும் (கியூரிங்). கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் பதினான்கு நாள், நல்ல தண்ணீரில் நனைக்க வேண்டும். கலக்குவதற்கு டேங்கர் தண்ணீரை வாங்கிவிட்டு, நனைப்பதற்கு உவர்க் கிணற்றில் மோட்டார் போடுகிறவர்களை என்ன சொல்வது?

லேபர் கான்ட்ராக்ட் மேஸ்திரி, பெரியபட்டினம்

பெரியவர்கள் பேசுமிடத்தில் நான் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். படிவத்தில் 45 என்று எழுதுவது எளிது. தளத்தில் அதைக் காப்பது கம்பி கட்டுகிறவனும் கான்கிரீட் போடுகிற ஆளும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டியான கவர் பிளாக் வராத தளத்தில் ஜல்லித் துண்டையோ, உடைந்த ஓட்டுச் சில்லையோ கம்பிக்கு அடியில் செருகுகிறோம். வைப்ரேட்டர் ஓடியதும் அது சரிந்துவிடும். கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். பிறகு சென்ட்ரிங் பிரித்தால் அடியிலேயே கம்பியின் தடம் தெரியும். அதைச் சிமெண்ட் பாலால் துடைத்து மறைப்பது எல்லோருக்கும் பழக்கம்.

சன்ஷேடு இன்னும் மோசம். அதில் பளுவைத் தாங்கும் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் மேலேயே நடப்பார்கள். கம்பி மிதிபட்டு அடியில் போய்விடும். அப்போது பலமும் போயிற்று, கவரும் போயிற்று. உச்சிப்புளி அண்ணன் சொன்ன பழுப்புக் கோடு பெரும்பாலும் இப்படி இறங்கிய கம்பிதான். சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலி போன்ற வளைகம்பி) வைத்துக் கட்டி, நடப்பதற்குத் தனியாகப் பலகை போட்டால் இது நேராது. அந்தப் பலகைக்கும் கம்பிக்கும் யாரும் எங்களுக்குக் காசு தருவதில்லை.

தண்ணீர் பற்றி ஐயா எழுதியது உண்மை. ஒன்றரைக் குடத்தில் கலந்தால் கலவை இறுக்கமாக நிற்கும். ஆட்களால் வாரிப் போட முடியாது. தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்தான பிளாஸ்டிசைசர் வாங்கித் தந்தால் நாங்கள் தண்ணீர் ஊற்ற மாட்டோம். அதை வாங்கித் தராமல் தண்ணீரையும் ஊற்றாதே என்றால் வேலை நடக்காது.

சங்கம் அச்சு வாங்கி 45, 50 அளவுகளில் கவர் பிளாக் வார்த்து, தொட்டியில் ஊறவைத்து, உறுப்பினர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுக்கலாம். ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து தருவதையும் சேர்த்துக்கொண்டால், நாங்களும் சங்கத்தின் பக்கம் வருவோம்.

கீழக்கரைக் கட்டுமானர்

மேஸ்திரி சொன்ன கவர் பிளாக் யோசனைக்கு என் ஆதரவு. வார்ப்பதற்கு என் கிடங்கின் ஒரு பகுதியைத் தருகிறேன். பிளாக்கின் கலவை கூரைக் கான்கிரீட்டைவிடத் தரம் குறைந்ததாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் பொறியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உப்பு நுழைய நாமே வழி வைத்துக் கொடுத்தது போலாகும்.

தொண்டி ஒப்பந்ததாரர்

அரசு வீட்டுத் திட்டங்களை என்ன செய்வீர்கள்? கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்குள் கடலோரத் தரத்தைப் பேசினால் பயனாளி எங்கே போவார்?

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், இராமநாதபுரம்

நியாயமான கேள்வி. அங்கே தொகையை மாற்றுவது நம் கையில் இல்லை. கடற்கரை ஊராட்சிகளுக்குத் தனி மதிப்பீடு வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கணக்கோடு எழுதிக் கொடுப்பது சங்கத்தால் முடியும். அந்த 360 சதுர அடியில் கான்கிரீட் கூரை வருவது 300 சதுர அடி; நான் மேலே போட்ட கணக்கை அதற்குச் சுருக்கினால் கூடுதல் கான்கிரீட் 0.7 கன மீட்டர். நாலரை மூட்டை சிமெண்ட். வெறும் கோரிக்கையாகக் கேட்பதைவிட இந்த எண்ணை வைத்துக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

உச்சிப்புளி ஒப்பந்ததாரர்

வந்த கருத்துகளின்படி வரைவைத் திருத்தியுள்ளேன். குறைந்தபட்ச ரேட் பற்றிய பேச்சு தீர்மானத்தில் இடம்பெறாது. படிவம் உறுப்பு வாரியாக இருக்கும். சன்ஷேடுக்குச் சேர் கம்பியும் நடைபலகையும் தனி இனமாக எழுதப்பட்டு, லேபர் கான்ட்ராக்டில் அதற்குத் தொகை காட்டப்படும். தண்ணீர்ச் சோதனையும் கவர் பிளாக்கும் முதலில்; கியூப் அழுத்தும் இயந்திரத்துக்கு நிதி சேரும் வரை, இப்போது செய்வது போலவே காரைக்குடிக்கோ மதுரைக்கோ கட்டிகளை அனுப்புவோம். பில் நிலுவைக்கு வழக்கறிஞரை அமர்த்துவது இரண்டாம் தீர்மானம். கடற்கரை ஊராட்சிகளுக்கான மதிப்பீட்டு மனுவை ஐயா எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டி ஒப்பந்ததாரர்

வழக்கறிஞர் தீர்மானத்தை முதலில் வையுங்கள். அது நிறைவேறினால் படிவத்துக்கு நானே வழிமொழிகிறேன்.

உச்சிப்புளி ஒப்பந்ததாரர்

வரிசையை மாற்றிவிட்டேன். திருத்திய படியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஆட்சேபம் உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே எழுத்தில் கொடுக்கவும்.